மகளின் முதுகெலும்பும் என் பொய்யும்

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு என்னோடு வரிசையில் உட்காரும் அக்கா தங்கைகள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். பாதிக் கதை உங்களுக்குத் தெரியும். "சாந்தி மகளுக்கு முதுகில் பெரிய ஆபரேஷன் நடந்தது, அங்காளம்மன் காப்பாற்றிக் கொடுத்தாள்" என்று நீங்களே நாலு பேரிடம் சொல்லியிருப்பீர்கள். அது உண்மைதான். மீதிப் பாதி என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். அதை மறைத்துவிட்டு ஆத்தாவுக்கு நன்றி சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சு. அதனால் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருச்செங்கோட்டில் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். பத்தொன்பது வருடமாகத் தைக்கிறேன். போன வருடம் ஆனி மாதம், ஒன்பதாம் வகுப்புக்குப் போன என் மகள் தாரணிக்குப் புதுச் சுடிதார் தைத்தேன். போட்டுப் பார்த்தால் வலது பக்க விளிம்பு ஓர் அங்குலம் மேலே தூக்கி நின்றது. கை தப்பிவிட்டது என்று பிரித்துத் தைத்தேன். மறுபடியும் தூக்கியது. துணியைத் திட்டினேன், கத்தரிக்கோலைத் திட்டினேன். மூன்றாவது தடவை வலது பக்கம் ஓர் அங்குலம் கூடவே விட்டு வெட்டினேன். விளிம்பு நேராக நின்றது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தோள் அளவு எடுக்கிறவளுக்குச் சொந்தப் பிள்ளையின் தோள் ஏறி இறங்கி இருப்பது தெரியவில்லை. உடுப்பு சரியாகிவிட்டதென்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஆடி பிறந்து முதல் வெள்ளி. தாரணிக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றக் குனியச் சொன்னேன். குனிந்தாள். முதுகில் வலது பக்கம் மட்டும் ஒரு மேடு. தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, எலும்புதான். "வலிக்குதா கண்ணு?" என்றேன். "இல்லையேம்மா, ஏன்?" என்றாள். 

மறுநாளே சேலத்துக்குப் போனோம். வடக்கே மழைக்காலம் என்பதால் என் வீட்டுக்காரரும் ஊரில் இருந்தார். அவர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். மழை விட்டால் சத்தீஸ்கர் பக்கம் போய்விடுவார், மாதக்கணக்கில் வரமாட்டார். முதுகெலும்பு டாக்டர் தாரணியைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். முதுகெலும்பு நடுவில் வலது பக்கம் வளைந்து, கீழே வந்து திரும்பியிருந்தது.

"எதுனால வந்துச்சுங்க டாக்டர்? புத்தகப் பை தூக்கியா? கோணலா உக்காந்தா?"

"யார் தப்பும் இல்லைங்கம்மா. இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு, முக்கியமா பொண்ணுங்களுக்கு, காரணமே தெரியாம இப்படி வளையும். இப்ப நாப்பத்தாறு டிகிரி இருக்கு. இன்னும் வளர்ற வயசு. வளர வளர வளைவும் கூடும். பெல்ட் போட்டு நிறுத்துற கட்டம் தாண்டிருச்சு. ஆபரேஷன் பண்ணி, கம்பியும் திருகாணியும் வெச்சு நிமித்திட்டா நல்லது."

"கால் கைக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?"

"அது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் அரை மணி நேரம் பேசினார். எனக்குக் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரி மட்டும்தான் காதில் நின்றது. பஸ்ஸில் திரும்பும்போது தாரணி ஜன்னலோரம் தூங்கிப்போனாள். அவள் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். செருப்புக்குள் பெருவிரல் அசைந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அன்றைக்கு என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. பிறகு இறங்கவே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் குழப்பம் இல்லை. "படிச்ச மனுசன் சொல்றாரு, பண்ணிரலாம் புள்ள" என்றார். நான் அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சோறு தின்னவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார். "சரி, ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவோம். அவ என்ன சொல்றாளோ அதுபடி நடக்கலாம்."

பூக் கேட்பது நம்மில் பலருக்கும் வழக்கம்தான். கல்யாணமோ கிணறோ, எதுவானாலும் குலதெய்வத்தின் காலடியில் இரண்டு பொட்டலம் வைப்போம். ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். எடப்பாடி பக்கம் இருக்கும் எங்கள் அங்காளம்மன் கோயிலில் பொட்டலத்தை வீட்டுப் பெண் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும். பூசாரி பிரித்துப் பார்க்க மாட்டார். கட்டியவள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆடி கடைசி வெள்ளி அன்று குளித்துவிட்டு, வாழை இலைத் துண்டை விரித்துப் பூவை வைத்தேன். வெள்ளை வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். நினைத்ததும் கை தானாகப் போயிற்று. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்து நூல் சுற்றினேன். வெள்ளை அரளி தையல் மிஷின் மேலேயே கிடந்தது.

நான் மறைத்து வைத்திருந்த பாதி இதுதான்.

கோயிலில் யாரோ ஒரு பெரியவரின் பேத்தி, ஐந்து வயது இருக்கும், ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு. மற்றொன்றை நானே எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அந்தப் பூவைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஆத்தாளே வேண்டாங்கறா. காரணம் இல்லாமச் சொல்ல மாட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.  புரட்டாசியில் அவர் வண்டியோடு கிளம்பிவிட்டார்.

அடுத்து வந்த மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். எண்ணெய் போட்டு நீவுகிறவரிடம் கூட்டிப்போனேன். முதுகு நிமிரட்டும் என்று கம்பியில் தொங்கவிட்டேன். இடுப்பு பெல்ட் வாங்கிக் கட்டினேன். வெள்ளிக்கிழமை தோறும் அவளை நிற்க வைத்து இரண்டு தோளிலிருந்தும் அளவு எடுப்பேன். ஓர் அங்குலமாக இருந்த வித்தியாசம் ஒன்றேகால் ஆயிற்று. தை மாதம் ஒன்றரை. யாரிடமும் சொல்லவில்லை. சுடிதாரைத் தொளதொளவென்று தைத்தேன், முதுகுப் பக்கம் சுருக்கு வைத்தேன், துப்பட்டாவை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். தெரிந்த தொழில் முழுவதையும் கோணலை மறைக்கவே செலவழித்தேன்.

பூஜைக்கும் வந்துகொண்டுதான் இருந்தேன். உங்களோடு உட்கார்ந்து நூற்றெட்டுப் போற்றியும் சொன்னேன். ஆனால் ஒருநாளும் அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, திரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். "ஆத்தா, நீயே நிமித்திக் குடு" என்று கேட்க வாய் வரும். யாரை ஏமாற்றினேனோ அவளிடமே போய் எப்படிக் கேட்பது? கேட்காமலே எழுந்து வருவேன். ஊரெல்லாம் என்னைப் பக்திக்காரி என்றது.

பங்குனியில் கோயில் திருவிழாவுக்காக என் வீட்டுக்காரர் வந்தார். வாசலில் பையை வைத்தவர் தாரணியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதது வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியும். எனக்குத் தினமும் தெரிந்துதான் இருந்தது, அது வேறு விஷயம். "மாடி ஏறினா மூச்சு வாங்குதுப்பா" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை.

மறுநாள் சேலம். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அறுபத்து மூன்று டிகிரி.

"எட்டு மாசமா ஏன் வரலை?"

"ஆத்தா வேண்டாம்னுட்டாளுங்க" என்றார் என் வீட்டுக்காரர். டாக்டர் திட்டவில்லை. "வளைவு கூடினது மட்டும் இல்லைங்க, இறுகியும் போச்சு. இனித் தள்ளிப் போடக் கூடாது" என்று மட்டும் சொன்னார். சித்திரையில் நாள் குறித்தோம்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரர் சாமி படத்துக்கு முன்னால் நின்று பேசினார். "உன்னை நம்பித்தானே புள்ளையோட முதுக உன்கிட்ட உட்டேன். இப்புடிப் பொய் சொல்லிப்போட்டியே." பதினைந்து வருடமாகத் திருவிழாவுக்குத் தவறாமல் தீர்த்தக்குடம் எடுக்கிறவர் அந்த வருடம் எடுக்கவில்லை. "இனி அந்தக் கோயல் படி மிதிக்க மாட்டேன்" என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொன்னவள் நான், பழியை ஆத்தா சுமந்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம், அவர் என்ன சொல்வாரோ என்ற பயம் ஒரு பக்கம். நான் எவ்வளவு பெரிய கோழை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஆபரேஷன் அன்று காலை ஏழரை மணிக்குத் தாரணியை உள்ளே கொண்டுபோனார்கள். பச்சை உடுப்பு, தலையில் பிளாஸ்டிக் தொப்பி. டாக்டரிடம், "ஆபரேஷன் முடிஞ்சா நான் எங்கம்மாவ விட உசரம் ஆயிருவேனுங்களா?" என்று கேட்டாள். "ஆயிருவ. அப்புறம் உங்கம்மா உன்னை அண்ணாந்து பாத்துத்தான் திட்டோணும்" என்றார் அவர். அவள் சிரித்துக்கொண்டே போனாள். 

ஆறு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். தலையிலும் காலிலும் ஒயர் வைத்து, நரம்பு வேலை செய்கிறதா என்று நேரம் முழுக்க மிஷினில் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். ஏதாவது நரம்பு அழுந்தினால் உடனே தெரிந்துவிடும் என்று ஏற்கெனவே விளக்கியிருந்தார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வேண்டவில்லை. எனக்கு வேண்டுவதற்கு யோக்கியதை இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. ஒரு சின்ன டாக்டர் வெளியே வந்தார். "கம்பி மாட்டி நிமிர்த்தும்போது இடது கால் சிக்னல் குறைஞ்சிருச்சு. நிறுத்திட்டு, என்ன செய்யணுமோ செஞ்சுட்டிருக்கோம். தெரியப்படுத்தணும்னு சார் சொன்னார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

 என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து, "எல்லாத்துக்கும் காரணம் அவதான்" என்றார். ஆத்தாவைத்தான் சொன்னார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அவ இல்லீங்க. நாந்தான்."

"என்ன புள்ள சொல்ற?"

"ரெண்டு பொட்டணத்துலயும் செவப்புத்தானுங்க கட்டுனேன். வெள்ளை வைக்கவே இல்லை. எனக்குப் பயமுங்க."

அவர் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வராந்தா கடைசி வரைக்கும் நடந்து போனார். குழாயில் முகத்தைக் கழுவினார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப ஆத்தா வேண்டாம்னு சொல்லவே இல்லையா?"

"இல்லீங்க. அவள நான் பேசவே உடலீங்க."

"ஒரு மாசமா அவளத்தான் வைஞ்சிட்டிருந்தேன்" என்று சொன்னவர், கல்லைப் பிளக்கிற வண்டியில் இருபது வருடம் நின்ற மனிதர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். என்னை மன்னித்தாரா என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எழுந்து போகவில்லை.

அப்போதுதான் நான் வேண்டினேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. நேர்த்தி, காணிக்கை என்று எதுவும் பேசவில்லை. "தாயே, உன்னை ஏமாத்துனவ நான். என் புள்ள ஒண்ணும் பண்ணலை. அவ முதுகு நேராகோணும்னு கேக்கலை. கால் வெரல் அசைஞ்சாப் போதும். எனக்குப் பயமா இருக்குது, என்னால முடியலை." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் அவரும் கண்ணை மூடியிருந்தார். எதிரில் இருந்த கடிகாரத்தில் முள் நகர்வதே தெரியவில்லை.

இருபத்தைந்து நிமிடம். அதே சின்ன டாக்டர் வந்தார். "சிக்னல் திரும்ப வந்துருச்சு. மெதுவாத் தொடர்றோம்" என்றார். அவர் காலில் விழப் போனேன், பாவம், பயந்து உள்ளே ஓடிவிட்டார்.

மூன்றரை மணிக்குப் பெரிய டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "முழிப்பு வந்ததும் ரெண்டு காலையும் ஆட்டச் சொன்னேன். பெருவிரலை நல்லா ஆட்டினா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் எல்லாவற்றையும் விளக்கினார். சிக்னல் குறைந்ததும் கம்பியைத் தளர்த்தி, ரத்த அழுத்தத்தை ஏற்றி, காத்திருந்திருக்கிறார்கள். அதற்கு மேல் நிமிர்த்தினால் ஆபத்து என்று இருபத்தெட்டு டிகிரியில் நிறுத்திவிட்டார்கள். "முன்னாடியே வந்திருந்தா இன்னும் நேராக்கியிருக்கலாம். ஆனா இது போதும். நடப்பா, ஓடுவா, கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெத்துக்குவா." நான் உண்மையைச் சொன்னதால்தான் சிக்னல் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய் ஆகிவிடும். டாக்டர்கள் கை வேலை செய்தது. அந்தக் கைகளை நிதானமாக வைத்திருந்தவள் யார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. மிச்சம் இருக்கிற அந்த இருபத்தெட்டு டிகிரியில் கொஞ்சம் என் பங்கு. அதையும் நான் மறக்கப் போவதில்லை.

மூன்றாம் நாள் தாரணி எழுந்து நின்றாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆறு அடி வைத்தாள். கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தாள். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

அவளிடம் சொல்ல வேண்டிய கடன் பாக்கி இருந்தது. வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், அவளுக்குத் தலை சீவிக்கொண்டே சொல்லிவிட்டேன். சீப்பைப் பிடுங்கி வைத்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்பாவைத்தான் கூப்பிட்டாள். அவள் கோபம் நியாயம்தான் என்று சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவளாகவே அடுப்படிக்கு நடந்து வந்தாள்.

"உனக்குப் பயம்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லம்மா. எனக்கும் பயந்தான். நீ அழுவேன்னு சொல்லாம இருந்தேன். ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம்."

நான் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. என் பயத்தை மகளிடம் சொல்லவில்லை, கட்டிய புருஷனிடம் சொல்லவில்லை, விளக்கு முன்னால் உட்கார்ந்தும் ஆத்தாவிடம் சொல்லவில்லை. தைரியசாலி வேஷம் போட்டு, பதிலையும் நானே எழுதி, ஆத்தாவின் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

ஆடியில் மூன்று பேரும் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். படி மிதிக்க மாட்டேன் என்றவர்தான் முதலில் ஏறினார். நான் அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தேன். கோபமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். அப்படித் தெரியவில்லை.

இப்போது சீருடைக்கு அளவு கொடுக்க வருகிற ஒவ்வொரு பிள்ளையையும், "ஒருக்காக் குனி சாமி" என்று குனியச் சொல்லி முதுகைப் பார்க்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சில தாய்மார் முறைக்கிறார்கள். இந்த வருடம் இரண்டு பிள்ளைகளை டாக்டரிடம் அனுப்பினேன். ஒரு பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு பிள்ளைக்கு இருபத்திரண்டு டிகிரி, பெல்ட் போட்டிருக்கிறாள். அவளுடைய அம்மா என் கடையில் வந்து உட்கார்ந்து அழுதாள். "அழுங்க, நல்லா அழுங்க. ஆனா நாள் கடத்தாதீங்க" என்றேன்.

அக்கா தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு பயம் இருக்கும். அதை மறைத்துக்கொண்டு ஆத்தா முன்னால் போய் உட்காராதீர்கள். பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். அதைச் சொல்கிறவளை அவள் கைவிடமாட்டாள். டாக்டர் சொல்வதையும் கேளுங்கள், அவரை அனுப்பியவளும் அவள்தான். நான் நம்பாமல் பட்டேன், நீங்கள் நம்பி நில்லுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை பூஜைக்குத் தாரணியும் வருகிறாள். தரையில் சம்மணம் போட்டு வெகு நேரம் உட்கார அவளுக்கு இன்னும் சிரமமாக இருக்கிறது. என் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.